கடவுள் இல்லாமல் இருக்கலாம், கூட்டம் இல்லாமல்?

"கடவுளை நம்பாதவன் எதற்குப் பயப்படுவான்? மேலே தட்டிக்கேட்க யாரும் இல்லையென்றால் எதையும் செய்யலாமே!" நாத்திகர்கள் அடிக்கடி கேட்டு அலுத்துப்போன கேள்வி இது. கேட்பவர்கள் ஏதோ நாலு பேர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் எடுத்து 2020இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், ஒழுக்கமாக வாழக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்று சொன்னவர்களின் இடைநிலை அளவு 45 விழுக்காடு. 2017இல் 13 நாடுகளை வைத்து வந்த ஓர் உளவியல் ஆய்வு இன்னும் சங்கடமானது. கொடூரமான செயல்களைச் செய்த ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் யாராக இருக்கக்கூடும் என்று மறைமுகமாகக் கேட்டார்கள். அவன் நாத்திகனாக இருப்பான் என்ற பக்கமே பலரும் சாய்ந்தார்கள். பதில் சொன்ன நாத்திகர்களும் அதே பக்கம்தான் சாய்ந்தார்கள்.

இந்தச் சந்தேகத்தோடு கூடவே இன்னொரு விஷயமும் ஒட்டிக்கொண்டு வரும். மதம் நல்லது கெட்டது சொல்லித் தருகிறது, கஷ்டம் வந்தால் கூட நிற்க ஆட்களையும் தருகிறது; இரண்டையும் விட்டுவிட்டு நாத்திகர் எப்படி வாழ்வார் என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் விவாதம் முன்னேறாமல் நிற்கிறது என்பது என் எண்ணம். முதல் பாதிக்குச் சொல்லும் பதில் இரண்டாம் பாதிக்குப் பொருந்தாது.

முதலில் ஒழுக்கம். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1689இல் மதச் சகிப்புத்தன்மைக்காக வாதாடி எழுதினார். அதே எழுத்தில் நாத்திகர்களுக்கு மட்டும் சகிப்பு கிடையாது என்றார். வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் எதுவும் அவர்களைக் கட்டாது என்பது அவர் சொன்ன காரணம். இது வெறும் தத்துவமாக நின்றுவிடவில்லை. சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானபோது, கடவுள் பெயரால் எடுக்கும் சத்தியப் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்கிறேன் என்றார். சபை அவரை உட்கார விடவில்லை. தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886இல்தான் அவருக்கு இடம் கிடைத்தது. யாரும் கடவுள் பெயர் சொல்லாமலே உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டம் அவர் முயற்சியால் 1888இல் வந்தது.

லாக்குக்கு ஏழு வருடம் முன்பே, 1682இல், பிரெஞ்சு அறிஞர் பியர் பெய்ல் நேர் எதிராக எழுதியிருந்தார். நாத்திகர்கள் மட்டுமே உள்ள ஒரு சமூகமும் ஒழுங்காக நடக்க முடியும் என்றார் அவர். மனிதர்கள் தங்கள் கொள்கைப்படி நடப்பதில்லை. சுபாவமும் பழக்கமும் நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஆசையும்தான் அவர்களை நடத்துகின்றன. நரகத்தை நம்புகிறவன் தப்பு செய்யாமலா இருக்கிறான் என்று கேட்டார். முந்நூற்று நாற்பது வருடம் கழித்தும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

தர்க்கரீதியாகப் பார்த்தால் பிரச்சினையின் வேர் இன்னும் பழையது. பிளாட்டோவின் யூத்திஃப்ரோ உரையாடலில் சாக்ரடீஸ் கேட்கும் கேள்வி இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. தெய்வம் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, அது நல்லது என்பதால் தெய்வம் விரும்புகிறதா? முதலாவது என்றால் தெய்வம் கொலையை விரும்பினால் கொலையும் நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால் நல்லது தெய்வத்துக்கு முன்பே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வேலை எல்லோருக்கும் பொது. கடவுளின் இயல்பே நன்மை, அதனால் இந்த இரண்டு வழியில் ஒன்றைத் தேர வேண்டியதில்லை என்று இறையியலாளர்கள் பதில் சொல்வார்கள். அந்த இயல்பை நன்மை என்று எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டால் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

நடைமுறையிலும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே பைபிளைத்தான் மேற்கோள் காட்டினார்கள். எந்த வசனத்தைப் பிடித்துக்கொள்வது, எதை அந்தக் காலத்து வழக்கம் என்று ஒதுக்குவது என்று தீர்மானித்தது வாசித்தவர்களின் மனசாட்சி. ஒவ்வொரு மதத்திலும் இந்தச் சலித்தெடுக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. பக்தருக்கும் நாத்திகருக்கும் சல்லடை ஒன்றுதான்.

பயன் கருதிச் செய்யும் நன்மை பற்றிய சந்தேகமும் புதிதல்ல. இங்கே செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறவனை "அறவிலை வணிகன்" என்கிறது புறநானூற்றின் 134ஆம் பாட்டு. ஆய் அண்டிரன் அப்படிப்பட்டவன் அல்லன் என்பது புலவர் முடமோசியாரின் பாராட்டு. மறுமையை மறுத்த பாட்டு அல்ல அது. ஆனால் சொர்க்கத்துக்காகச் செய்யும் கொடையை வியாபாரம் என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அப்படியானால் நாத்திகர்கள்தான் மேலானவர்களா? இல்லை. இங்கே நாத்திகர்களிடமும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. மதப்பற்றுள்ள வீட்டுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் குணம் குறைவு என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பகுத்தறிவுப் பக்கங்களில் அது பறந்தது. நாடுகளைக் குறிக்கப் போட்ட எண்களை ஏதோ அளவுகள் போலக் கணக்கில் சேர்த்துவிட்ட தவறு பிறகு தெரியவந்தது. 2019இல் ஆய்வை வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் செய்தி அவ்வளவு வேகமாகப் பறக்கவில்லை. டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளைக் காட்டி, மதம் குறைந்த இடத்தில் குற்றமும் குறைவு என்பதும் அரைகுறை வாதம்தான். அங்கே வளமும் நம்பகமான அரசும் இருக்கின்றன. பயம் குறைந்ததால் மதம் தளர்ந்திருக்கலாம். மறுபக்கம், 1967இல் தன்னை நாத்திக நாடாக அறிவித்துக்கொண்டு தேவாலயங்களையும் மசூதிகளையும் இழுத்து மூடிய அல்பேனியாவும் இருந்தது. கடவுள் மறுப்பு யாரையும் நல்லவராக்கி விடுவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு ஆய்வு. 1973இல் வெளிவந்தது. டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள், பிரின்ஸ்டனில் இறையியல் படித்த 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருப்பார். ஏற்பாடு செய்த ஆள்தான். சில மாணவர்கள் பேச வேண்டிய பொருளே நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனைக் குருமார் பார்த்தும் பாராமல் போக, வேற்று இனத்தான் ஒருவன் நின்று உதவிய கதை. நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் நின்று உதவியவர்கள் 10 விழுக்காடு. அவசரமில்லாமல் போனவர்களில் 63 விழுக்காடு. அந்தக் கதையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. அதையே பேசப் போய்க்கொண்டு, முனகியவரைத் தாண்டிப் போனவர்களும் உண்டு.

எது நல்லது என்று அந்த மாணவர்களுக்குத் தெரியாமலா? நமக்கும் பெரும்பாலும் தெரியும். சரியான நேரத்தில் அது நினைவுக்கு வருவதில்லை, வந்தாலும் உடம்பு நிற்பதில்லை. அறவியல் புத்தகங்கள் எழுதப்படுவது சிக்கலான கேள்விகளுக்காக. நம் அன்றாடத் தவறுகளோ விடை தெரிந்த கேள்விகளில் நடக்கின்றன.

மதம் இந்த இடத்தில்தான் உண்மையாகவே எதையோ செய்கிறது. இணையத்தில் நடந்த அறக்கொடை ஏலங்களை வைத்து தீபக் மல்ஹோத்ரா 2010இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தர்ம காரியத்துக்காக இன்னும் கொஞ்சம் ஏலம் கேளுங்கள் என்று வேண்டியபோது, மதப்பற்றுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம் அசைந்துகொடுத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். மற்ற நாட்களில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. மொராக்கோவின் மராக்கேஷ் நகரக் கடைக்காரர்களிடம் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வும் இதே போன்றது. பணத்தைத் தானே வைத்துக்கொள்வதா, தர்மத்துக்குக் கொடுப்பதா என்று தேரச் சொன்னார்கள். தொழுகை அழைப்பு காதில் விழும் நேரத்தில் கேட்டால் தாராளம் கூடியது, இல்லாவிட்டால் குறைந்தது. அந்தக் கடைக்காரர்களின் நம்பிக்கை ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கியிருக்காது. மாறியது நினைவூட்டல். அது ஒருவருக்கு மட்டும் வருவதல்ல, ஊரே ஒரே நேரத்தில் கேட்பது.

ஆக, மதம் தரும் ஒழுக்க உதவி அறிவுரையாக வருவதைவிட, மணியாகவும் கிழமையாகவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளாகவும்தான் வருகிறது. இப்படிப் பார்த்தால், நாத்திகருக்கு வேண்டாம் என்று முதல் கேள்வியில் எளிதாகத் தள்ளிவிட்ட சரக்கு, இரண்டாம் கேள்வியின் வாசல் வழியே திரும்ப உள்ளே வந்துவிடுகிறது.

சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் மதத்துக்கு ஒரு வரையறை கொடுத்தார். புனிதமானவற்றைச் சார்ந்த நம்பிக்கைகளும் நடைமுறைகளும் சேர்ந்து, அவற்றைப் பின்பற்றுவோரை ஒரே அறச் சமூகமாகக் கட்டுவதே மதம் என்றார். கடவுள் என்ற சொல் அதில் இல்லை. யூத குருவின் மகன், ஆனால் நம்பிக்கை இல்லாதவர் அவர். நூறு வருடம் கழித்து வந்த புள்ளிவிவரங்கள் அவர் பக்கமே நிற்கின்றன. சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின்படி, தேவாலயம் போகிறவர்களின் கூடுதல் மனநிறைவுக்குக் காரணம் அங்கே கிடைக்கும் நெருங்கிய நண்பர்கள். தவறாமல் போயும் நண்பர் யாரும் இல்லாதவருக்கு அந்த நிறைவு இல்லை. தனியாக உட்கார்ந்து செய்யும் பிரார்த்தனையும் அதைத் தரவில்லை. நாத்திகருக்கு இது நல்ல செய்தி போலத் தோன்றும்: நண்பர்கள்தானே, எங்கே வேண்டுமானாலும் கிடைப்பார்களே! அவசரப்பட வேண்டாம். வெளியே உள்ள நண்பர்கள் அந்த இடத்தை ஈடுகட்டவில்லை என்பதும், நாம் எல்லோரும் இன்னார் என்ற அழுத்தமான அடையாளம் சேர்ந்தால்தான் அந்த நட்பு பலன் தருகிறது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கின்றன.

உடல்நலக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 75,000 பெண் செவிலியரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வந்தது. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களின் இறப்பு விகிதம், போகவே போகாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவு. கவனித்துப் பார்த்த ஆய்வுதான் இது, சோதனை அல்ல; காரணம் இதுவே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அளந்தது நம்பிக்கையை அல்ல, போய் உட்கார்ந்ததை என்பதைக் கவனிக்கலாம்.

இது தெரிந்த நாத்திகர்கள் சும்மா இருக்கவில்லை. மதத்தின் வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றும் முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு, பாதி வேடிக்கையான வரலாறு. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 நவம்பரில் பாரிஸின் நோட்ர டாம் தேவாலயத்தில் பகுத்தறிவுக்கு விழா எடுத்தார்கள். நாத்திகம் பிடிக்காத புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் அடுத்த ஜூனில் பரம்பொருளுக்கு விழா எடுத்தார். ஜூலையில் அவர் தலையே போய்விட்டது. பிரெஞ்சுத் தத்துவவாதி ஒகுஸ்த் கோம்ட் இன்னும் முறையாக இறங்கினார். மனிதகுலத்தையே வழிபடும் மதம், அதற்குக் குருமார், சடங்குகள், 28 நாள் கொண்ட 13 மாதங்களோடு தனி நாட்காட்டி, மாதங்களுக்குப் பெரியோர் பெயர்கள். கிறிஸ்துவத்தைக் கழித்த கத்தோலிக்கம் என்று ஆங்கில உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லி கிண்டலடித்தார். அந்த மதத்தின் அடையாளமாக உலகம் இன்றைக்கும் பார்ப்பது பிரேசில் கொடியில் உள்ள "ஒழுங்கும் முன்னேற்றமும்" என்ற வாசகத்தைத்தான். 1876இல் ஃபெலிக்ஸ் ஆட்லர் நியூயார்க்கில் தொடங்கிய அறப் பண்பாட்டு இயக்கம் இன்னும் இருக்கிறது, சின்ன அளவில். 2013 ஜனவரியில் சான்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ் என்ற இரு நகைச்சுவைக் கலைஞர்கள் லண்டனில் ஞாயிறு சபை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பாட்டு, சொற்பொழிவு, தேநீர். கடவுள் மட்டும் இல்லை. சில வருடங்களில் பல நாடுகளில் கிளைகள் முளைத்தன. அப்புறம் வந்த வேகத்திலேயே பல மூடப்பட்டன.

ஏன் நிற்பதில்லை? மானுடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸின் ஆராய்ச்சியில் இதற்கு ஒரு சுவாரசியமான விடை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கூட்டுவாழ்வுக் குடியிருப்புகள் தோன்றின. சில மதம் சார்ந்தவை, சில சோஷலிசக் கனவுகள். சோஷலிசவாதி ராபர்ட் ஓவன் 1825இல் தொடங்கிய நியூ ஹார்மனி இரண்டே வருடத்தில் கலைந்தது. 200 குடியிருப்புகளின் வரலாற்றை வைத்துப் பார்த்ததில், எந்த ஆண்டை எடுத்தாலும் மதம் சாராதவை கலைந்துபோகும் வாய்ப்பு மற்றதைப்போல நான்கு மடங்கு வரை இருந்தது. அடுத்து 83 குடியிருப்புகளில் உறுப்பினர்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்று பட்டியலிட்டுப் பார்த்தார்கள்: சொத்தை ஒப்படை, இதைச் சாப்பிடாதே, இப்படி உடுத்து, வெளியாரோடு பழகாதே. மதக் குடியிருப்புகளில் கெடுபிடி கூடக்கூட ஆயுளும் கூடியது. மதம் சாராதவற்றில் கெடுபிடியால் எந்தப் பலனும் இல்லை.

யோசித்தால் புரிகிறது. "இதைச் சாப்பிடாதே" என்று கடவுள் சொன்னார் என்றால் பேச்சு முடிந்தது. பொதுக்குழு சொன்னது என்றால், ஏன், யார் முன்மொழிந்தது, மாற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்பது நாத்திகரின் பலவீனமல்ல. அதுதான் அவரை நாத்திகராக்கிய குணம். எல்லாவற்றையும் காரணம் கேட்டு ஏற்கிறவர்களை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டு, மழை பெய்தாலும் மனசில்லாவிட்டாலும் ஞாயிறு காலை வந்துவிடுங்கள் என்றால் எத்தனை பேர் வருவார்கள்? இத்தனைக்கும் மனசில்லாத நாளிலும் வருவதில்தான் கூட்டத்தின் பயனே இருக்கிறது. நான் வராவிட்டால் இன்னொருவருக்கு ஆள் இருக்காது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. இஸ்ரேலின் மதச்சார்பற்ற கிப்புட்ஸ்கள் என்ற கூட்டுவாழ்வுக் கிராமங்கள் பல பத்தாண்டுகள் உறுதியாக நின்றன. கருத்து ஒற்றுமைக்காக மட்டும் கூடியவர்கள் அல்ல அவர்கள். நிலமும் வேலையும் காவலும் பொதுவாக இருந்தன.

மதக் கூட்டத்தின் விலையையும் சொல்லாமல் விட முடியாது. வெளியேறியவரோடு சொந்தக் குடும்பமே பேசக்கூடாது என்று விதி வைத்திருக்கும் சபைகள் உண்டு. நம்மவர் என்ற வட்டத்துக்குள் பொழியும் அன்பு, வட்டத்துக்கு வெளியே நிற்பவரிடம் வேறு முகம் காட்டுவதற்கு வரலாறு முழுக்கச் சாட்சி இருக்கிறது. கூட்டம் இல்லாத வெறுமையைப் பற்றி நாத்திகரிடம் அனுதாபமாகப் பேசுகிறவர்கள், அவர் எப்படித் தனியானார் என்பதையும் கேட்க வேண்டும். பல சமயம் அவரைத் தள்ளிவைத்தது அந்தக் கூட்டமேதான்.

வாராந்தரக் கூட்டங்கள் தோற்ற இடத்தில் சடங்குகள் ஜெயித்திருக்கின்றன. நார்வேயில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு தேவாலயம் நடத்தும் உறுதிப்பூசுதல் என்ற, நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்குக்கு மாற்றாக 1951இலேயே மதம் சாராத விழா தொடங்கியது. அதை நடத்தும் மனிதநேயச் சங்கத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். விழா மட்டுமல்ல, முன்கூட்டியே அறவியல் வகுப்புகளுக்குப் போக வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் அரசு 1954இல் இதே வயதினருக்கு ஒரு மதமற்ற விழாவைத் திணித்தது. அந்த அரசு போய்விட்டது, கட்டாயம் போய்விட்டது, குடும்பங்கள் இன்னும் அதைக் கொண்டாடுகின்றன. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1928 முதல் நடத்திய திருமணங்களும் இந்த வரிசையில் வருபவை. அவை செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் மக்கள் அப்படித் திருமணம் செய்வதை நிறுத்தவில்லை. 1967இல் அண்ணா ஆட்சி சட்டத்தைத் திருத்தி அவற்றுக்கு அங்கீகாரம் தந்தது. பிறப்பு, வயதுக்கு வருதல், திருமணம், சாவு ஆகியவை எப்படியும் வந்து தீருபவை. அன்றைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு நாத்திகக் குடும்பத்திடமும் ஒரு விடை இருந்தாக வேண்டும். கருத்தரங்கு நடத்தி அழைத்தால் வராத உறவினர் இதற்கு வருகிறார்கள்.

ஆனால் சடங்குகளுக்கு இடையே பல வருடங்கள் இருக்கின்றன. பதினைந்து வயதில் ஒரு விழா, முப்பதில் ஒரு திருமணம், அதற்கப்புறம் ஒரு இறுதி ஊர்வலம். நடுவில் இருக்கும் ஞாயிறுகளுக்கு யாரும் பொறுப்பில்லை. பிறப்பிலிருந்தே மதமற்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிவதில்லை; அவர்களுடைய உறவுகள் வேறு வழிகளில் வளர்ந்திருக்கும். நாற்பது வயதில் வெளியே வந்தவர் இழப்பது அதிகம். அவருடைய பாட்டு, பண்டிகை, மருத்துவமனைக்குப் பார்க்க வந்த ஆட்கள் எல்லாமே ஒரே இடத்தில் இருந்தவை.

அவருக்கு நாத்திகர் சங்கம் ஒன்றில் சேருங்கள் என்று சொல்வது அவ்வளவு நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை நம்பவில்லை என்பதைச் சுற்றி எத்தனை மாலைகள் பேச முடியும்? ஜெர்மனியில் தீயணைப்புப் படையினரில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அபாய அழைப்பு வந்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று அங்கே யாரும் விவாதிப்பதில்லை, எரிவது கண்ணுக்குத் தெரிகிறது. முறை வைத்து வரவேண்டிய கடமையும், வராவிட்டால் யாருக்கோ நஷ்டமும் உள்ள எந்த வேலையும் இதைச் செய்யும்: தொழிற்சங்கம், மீட்புக் குழு, வாரம் தவறாமல் ஒத்திகை பார்க்கும் பாடகர் குழு. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் பக்தர்களாக இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இவை எல்லாவற்றையும் தந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். தீயணைப்புக் குழு சாகக் கிடப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேச வருவதில்லை. அதற்காக நெதர்லாந்தின் மருத்துவமனைகளிலும் ராணுவத்திலும் பாதிரியாருக்கு நிகராக மனிதநேய ஆலோசகர்களை நியமித்திருக்கிறார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், நோயாளியிடம் கடவுளைப் பற்றி எதுவும் பேச வேண்டியதில்லை, கேட்கத் தெரிந்தவர்கள். ஆனால் அது உத்தியோகம். நோயாளி வீடு திரும்பிய மறுவாரம் கதவைத் தட்டி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது அவர்கள் வேலையில் சேராது. அதைச் சபையின் ஆட்கள் கேட்கிறார்கள்.